தண்ணி தேடிப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, நீ அனுப்புன பட்டியலைப் பேரன் வாசிச்சுக் காட்டுனான். கொடைக்கானல் ஏரி, ஊட்டி ஏரி, கோவளம், ஆலப்புழை, எல்லாத்துக்கும் கடைசியில மாலத்தீவு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் போட்டது வீட்டுக்கடனா மருமவளான்னு நான் கேக்க மாட்டேன். 'எங்க போகலாம், நீங்களே சொல்லுங்க மாமா'ன்னு எழுதியிருக்க பாரு, அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருக்கு. முடிவு பண்ணுறது யாருன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுட்ட. இனி நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்து கேட்டுத்தான் ஆவணும்.

பள்ளிக்கூடத்துல லீவு விடுத மாசத்துக்கும் தண்ணிக்கும் ஒட்டு உறவு கெடையாது, அதை மொதல்ல மனசுல வை. நம்ம தெருக்காரன் ஒருத்தன் மே மாசம் குத்தாலத்துக்கு வேன் பிடிச்சான். ஐந்தருவியில அஞ்சு பாறையையும் எண்ணிட்டு வந்தான். எண்ணெய் தேச்ச தலையோட போயி, அதே எண்ணெயோட திரும்பி வந்த குடும்பம் அது. சாரல் விழுறது தென்மேக்குக் காத்து எழும்புன பெறவு, ஜூன்லதான். அதுக்குள்ள பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொறந்திரும். அருவியும் வாத்தியாரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் இதைப் பண்ணுதாவளோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

சரி, மருமவ ஏரிங்கா. கொடைக்கானல் ஏரி சாமி உண்டாக்குனதுன்னு நெனச்சியா? 1863-ல லெவிஞ்சுன்னு ஒரு மதுரைக் கலெக்டர், ஓடையை மறிச்சுக் கட்டுன தெப்பக்குளம் அது. மொத படகைத் தூத்துக்குடியில இருந்துதான் மலைக்கு ஏத்துனாராம். நம்ம கடல் படகு மலையேறிப் போயி இன்னைக்கு மணிக்கணக்குல வாடகை கேக்கு. ஊட்டி ஏரியும் அதே கதைதான், 1824 வாக்குல ஜான் சல்லிவன் உண்டாக்குனது. வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஓடி ஒளிஞ்ச எடத்துக்கு, அவன் ஊரைப் பாத்துப் போயிச் சேந்த பெறவும் நாம மூட்டை கட்டுதோம்.

2024 மே மாசத்துல இருந்து அந்த ரெண்டு மலைக்கும் இ-பாஸ் வேணும். 2025-ல ஐகோர்ட்டே கணக்கும் போட்டுக் குடுத்திருச்சு. சீசன்ல ஊட்டிக்கு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000. கொடைக்கானலுக்கு 4,000, சனி ஞாயிறு 6,000. 'அப்போ கூட்டம் கொறஞ்சிருக்குமே மாமா'ன்னு நீ சொல்லுவ. ஏல, 4,000 வண்டி, வண்டிக்கு நாலு பேருன்னு வச்சாலே 16,000 தலை. ஏரியைச் சுத்துற ரோடு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து நின்னா மீட்டருக்கு மூணு பேரு. நம்ம ஊரு தேரோட்டத்துக்கே அந்த நெருக்கம் கெடையாது, இங்கயாவது வடம் பிடிக்கப் புண்ணியம் உண்டு. குளிருமேங்கியா? 2024 ஏப்ரல்ல ஊட்டியிலயே 29 டிகிரி அடிச்சுது. ஸ்வெட்டர் கொண்டுபோனவன் அதைத் தலைக்கு வச்சுப் படுத்துட்டு வந்தான்.

கூட்டமில்லாத ஏரிதான் வேணும்னு அவ ஒத்தக்கால்ல நின்னா கொடைக்கானல் பக்கம் பேரிஜம் போங்க. வனத்துறை அனுமதி வாங்கணும். படகு கெடையாது. பெரியகுளத்துக்காரன் குடிக்கிற தண்ணி, காலை விட்டு அலசப்பிடாது. சும்மா பாத்துக்கிட்டு நிக்கணும். சும்மா நிக்கது ஒங்க வீட்டுல யாருக்கு வரும்னு நீயே யோசிச்சுக்கோ.

இனி ஒம் மவன் கேக்க கடலு. பட்டியல்ல கோவளம்னு எழுதியிருக்கியே, எந்தக் கோவளம்? திருவனந்தபுரத்துக்குத் தெக்க கலங்கரை விளக்கோட ஒண்ணு இருக்கு. மெட்ராசுக்குத் தெக்க, கிழக்குக் கடற்கரை ரோட்டுல ஒண்ணு இருக்கு. 2021-ல நீலக்கொடிச் சான்று வாங்குனது அது. கன்னியாகுமரியை ஒட்டி மீன்பிடிக்காரங்க ஊரு ஒண்ணு, அதுக்கும் கோவளம்னுதான் பேரு. நீ ஒரு கோவளத்துல ரூமு போட்டு, இன்னொரு கோவளத்துக்கு டிக்கெட் எடுப்ப. பரம்பரை அப்படி. எந் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒங்கப்பா அடுத்த வீட்டுல போயி உக்காந்து ரெண்டு டம்ளர் காப்பி குடிச்ச மனுசன். அந்த வீட்டுல பொண்ணே கெடையாது.

மெட்ராஸ் கோவளத்துல காத்து வாங்கலாம்னு நெனைக்காத. கத்திரி நேரத்துல மேக்க இருந்து வாற அனல்காத்து கரையில காவல் நிக்கும். கடல்காத்து உள்ள நுழைய மத்தியானம் ஆயிரும், சில நாளு அதுக்கும் மேல ஆவும். காலையில பத்து மணி மணல்ல செருப்பில்லாம நடந்து பாரு, பரதநாட்டியம் தானா வரும்.

அப்புறம் மீனு. நீ கடலுக்குப் போறதே பாதி மீனுக்குத்தான், மறைக்காத. கிழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, விசைப்படகு கடலுக்குப் போகப்பிடாது. மீனு குஞ்சு பொரிக்கிற காலம். அந்த நேரம் பாத்து நீ ராமேசுவரத்துல போயி உக்காந்து, 'இன்னைக்கு வந்த மீனா'ன்னு கேப்ப. ஓட்டல்காரனும் ஆமாம்பான். பொய்யில்ல. இன்னைக்குத்தான் லாரியில வந்திருக்கும். மே மாசம் நல்ல மீனு திங்கணும்னா குளச்சல், முட்டம் பக்கம் போ. குமரி மாவட்டத்து மேக்குக் கரைக்குத் தடை ஜூன் 1-லதான் ஆரம்பிக்கும், ஜூலை 31 வரைக்கும். இல்லேன்னா நாட்டுப்படகு இருக்க ஊராப் பாத்துப் போ. அதுக்குத் தடை கெடையாது.

ஆனா அந்த மேக்குக் கரைக்குப் போறதா இருந்தா ஒண்ணு சொல்லுதேன், இதுல மட்டும் கேலி கெடையாது. ஏப்ரல், மே மாசம் அங்க கள்ளக்கடல்னு ஒண்ணு வரும். இங்க காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிஞ்சு கெடக்கும். எங்கயோ தெக்க, இந்துமாக்கடலோட கடைசியில அடிச்ச புயலுக்கு எழும்புன அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து நம்ம கரையில ஏறும். 2024 மே 6-ந் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில டாக்டருக்குப் படிச்ச பிள்ளைய 5 பேரு போயிட்டாவ. ஒரு கலியாணத்துக்கு வந்த பிள்ளைய. ஐதராபாத்துல கடலுக்குன்னே ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸ் இருக்கு, கடலே இல்லாத ஊர்ல. அவிய முன்கூட்டியே எச்சரிக்கை குடுக்காவ. நீ ரூமு புக் பண்ணுத அந்தப் போனுலயே அதையும் பாரு. பாக்க முடியலையா, கரையில வள்ளம் எங்க கெடக்குன்னு பாரு. வழக்கமா நிக்க எடத்தை விட்டு மேல, தென்னமூட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தா நீ கணுக்காலைக்கூட நனைக்காத. கடல்ல பொழைக்கவன் அவனே எறங்கல, நீ என்ன பெரிய இவனா?

ஆலப்புழைக்கு அதிகம் பேச ஒண்ணுமில்ல. வேம்பநாட்டுக் காயல் அழகுதான். ஆனா மே மாசம் அங்க உடம்பு காயவே காயாது. படகுவீட்டை சாயந்தரம் அஞ்சரை மணி வாக்குல கரையில கட்டிப் போட்டுருவான், மீன்பிடிக்காரங்க வலை விரிக்கிற நேரம். பெறவு ராத்திரி பூரா கொசுவும் நீயும் முகத்துக்கு முகம். மாலத்தீவைப் பத்தி நீ போட்ட கேள்விக்குறியே எல்லாத்தையும் சொல்லிட்டு.

'எல்லாத்தையும் நொட்டை சொல்லுதியே, எங்கதான் போவ'ங்கியா? பொறு.

ஒருத்திக்கு அமந்த தண்ணி வேணும், ஒருத்தனுக்கு அலை வேணும், ஒங்க அம்மைக்குக் கோயில் வேணும். மூணும் ஒரு நாள்ல முடியுற எடம் ஒண்ணு இருக்கு. விடியக்காலம் திருச்செந்தூர்ல முருகனைப் பாரு. கடலுக்கு அத்தனை பக்கத்துல இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணத்துல அம்மைக்கு ஒரு வாளி ஊத்து. அங்க இருந்து தெக்க ஒரு 18 கிலோமீட்டர், மணப்பாடு. மணல் நாக்கை நீட்டுன மேனிக்குக் கடலுக்குள்ள போயிருக்கும், இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் காயல். மவனை இங்க விடு, மருமவளை அங்க உக்காத்து, நடுவுல நீ நின்னுக்கோ. எப்பவும் நிக்க எடந்தான ஒனக்கு அது. மணல் குன்னு மேல 1581-ல கட்டுன திருச்சிலுவைக் கோயில் இருக்கு. அதுக்கடியில சவேரியார் தங்குன குகை. ஊரு வீடுவளைப் பாத்தா சீமையில நிக்கமோன்னு தோணும். சாப்பாட்டுக் கடை பெருசா எதிர்பாக்காத. வள்ளம் கரையேறுத நேரத்துக்கு நின்னு, ரெண்டு சாளையோ வெளமீனோ கெடச்சா வாங்கிக்கோ. கொழம்பு வைக்க மசாலை நம்ம வீட்டுல இருக்கு.

மணப்பாட்டுக்குப் போற வழியிலயே உடன்குடியில நின்னுரு. கோடையில தண்ணி வத்தும், அருவி வத்தும், ஆனா இந்தப் பனையில பதனி எறங்குறது இந்தக் காலத்துலதான். பனையேறி சுண்ணாம்பு தடவுன கலயத்தைக் காலையில எறக்கும்போது பக்கத்துல நிக்கணும். பச்சை ஓலையைக் கிழிச்சுப் பட்டை பிடிச்சு, அதுல பதனியை ஊத்தி, நுங்கை வெரலால நோண்டிப் போட்டுத் தருவாரு. ஓலை வாசம் மூக்குல ஏறும், ரெண்டு சொட்டு சட்டையில வடியும், வடியட்டும். ஒன்பது மணிக்கு மேல போயி நின்னு பதனி கேட்டா அது வேற தண்ணி, ஒங்க அம்மைக்கு நான் பதில் சொல்ல முடியாது. திரும்பும்போது கருப்பட்டியும் வாங்கிக்கோ. 2023-ல புவிசார் குறியீடு கெடச்ச சரக்கு. எனக்கும் ஒரு சிப்பம், நான் கேட்டதா வச்சுக்கிடாத.

மதுரையில இருந்து நேரா தூத்துக்குடிக்கு வுடுன்னு ஒம் போனு வழி சொல்லும். அது மெட்ராஸ் போனு, அதுக்கு என்ன தெரியும். திருநெல்வேலி வழியா வா. ரோடு நல்லாருக்கு. நம்ம வீடு அந்த ரோட்டுல இருக்கதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. விடியக்காலம் ஒரு மூணு மணிக்கு வந்தீங்கன்னா நான் குளிச்சு வேட்டி மாத்தி திண்ணையில உக்காந்திருப்பேன். முன் சீட்டு வேணும், பின்னால உக்காந்தா எனக்குக் கொமட்டும். வெத்தலை துப்பணும், அதனால ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏத்திராத. இதை மருமவகிட்ட இப்போ சொல்ல வேண்டாம், வண்டியில ஏறுன பெறவு நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.