கச்சான் காத்தும் ஒன்ராறியோத் தண்ணியும்

உன்ர நீச்சலைப் பற்றி ஸ்காபரோ முழுக்கப் பேச்சாக் கிடக்கு, மருமோனே. கீரிமலைக் கேணியில தலைகீழாப் பாய்ஞ்சவனாம். தொண்டைமானாற்றில அக்கரைக்கும் இக்கரைக்கும் களைக்காமல் போய் வந்தவனாம். வாற லோங் வீக்கென்டுக்கு ப்ளஃபர்ஸ் பார்க்கில இறங்கி வெள்ளைக்காரருக்கு நீந்தக் காட்டப் போறியாம். நல்லது ராசா, வடிவாக் காட்டு. நான் கரையில கதிரை போட்டு, போர்வையும் சுடுதண்ணிப் போத்தலும் வச்சுக்கொண்டு இருக்கிறன். போர்வை எனக்கில்லை.

ரேடியோக்காரன் "இண்டைக்கு 27 பாகை" எண்டு சொன்னவுடனை நீ சாரத்தை மடிச்சுக் கட்டுறாய். அவன் சொன்னது காத்தின்ர சூட்டை. வாவிக்கு ஆரும் ரேடியோ வாங்கிக் குடுக்கேல்லை. மே மாசம் விக்டோரியா நாள் லீவுக்கு வெயில் முதுகைச் சுடும். தண்ணி 10 பாகைக்குக் கீழ கிடக்கும். இந்த ஒன்ராறியோ வாவி ஆகக்கூட 244 மீற்றர் ஆழம், சராசரியே 86. அவ்வளவு தண்ணியும் மாரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. தண்ணி 4 பாகையிலதான் ஆகக் கனம். அதால வசந்தத்தில மேல் தண்ணி கொஞ்சம் சூடேறி நாலை நெருங்கினவுடனை கனத்துக் கீழ போகும், கீழயிருந்து குளிர்ந்தது மேல வரும். முழுத் தண்ணியும் நாலுக்கு வருமட்டும் இந்தச் சுத்துதான். பிறகுதான் மேல ஒரு சூட்டுப் படை நிண்டு பிடிக்கும். ஆவணியில 20ஐத் தொடும். புரட்டாதி தொடங்கி, பள்ளிக்கூடம் திறந்து, சனம் ஜக்கெட் தேடத் தொடங்கேக்கையும் வாவி குளிக்கிற பதத்திலதான் இருக்கும். அப்ப நீ வரமாட்டாய். "குளிர் தொடங்கீட்டுது மாமா" எண்டுவாய்.

சரி, ஆவணியில இறங்கினால் பயமில்லை எண்டு நினைச்சியோ? மேற்கிலயிருந்து ஒரு நாள், ரெண்டு நாள் பலமாக் காத்து ஊதினால், அதுதான் எங்கட கச்சான் காத்து (வாயைப் பிளக்காதை, தின்னுற கச்சானில்லை), மேல் தண்ணி காத்துப் போற திசையில நேராப் போகாது. பூமி சுத்துறதால வலப்பக்கமா விலகி, தெற்கால நியூயோர்க் கரைப்பக்கம் ஒதுங்கும். எங்கட வடகரையில அந்த இடத்துக்கு அடியில கிடந்த குளிர்தண்ணி ஏறி வரும். முந்தநாள் பிள்ளையள் 20 பாகையில கும்மாளம் அடிச்ச அதே கரை, இண்டைக்குப் பத்துக்கும் கீழ. வானம் நீலம், மணலில கால் வைக்கேலாத சூடு, தண்ணியில ஒரு குஞ்சும் இல்லை. உனக்குச் சந்தோசமா இருக்கும், இடம் தாராளமாக் கிடக்கெண்டு.

நீந்தத் தெரிஞ்சவனைக் குளிர் என்ன செய்யும் எண்டு கேப்பாய். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில கோர்டன் கீஸ்பிரெக்ற் எண்டு ஒரு பேராசிரியர், விறைக்கிற தண்ணிக்குள்ள தானே இறங்கித் தன்ர உடம்புச் சூட்டை இறக்கிப் பாத்த மனிசன். சனம் அவருக்கு ஐஸ்பழப் பேராசிரியர் எண்டு பட்டம் வச்சிருக்கு. அவர் அளவெடுத்து இறங்கினவர். நீ ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் முடிச்சிட்டு இறங்கப் போறாய். அவற்ர கணக்கு ஒண்டு, பத்து, ஒண்டு. முதல் ஒரு நிமிசம் மூச்சை ஒரு கட்டுக்குக் கொண்டுவர. பிறகு பத்து நிமிசம் கைகால் சொல்லுக் கேக்கும். நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். கனபேர் அந்தக் கடைசி மணித்தியாலத்துக்குத்தான் பயப்பிடினம். முதல் நிமிசத்தைத் தாண்டினால்தானே அங்க போறது!

குளிர் தோலில பட்டவுடனை நெஞ்சு "ஹக்" எண்டு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். நீ இழுக்கிறதில்லை, அது தானா இழுக்கும். உன்ர வாய் தண்ணிக்கு மேல எண்டால் உள்ளுக்குக் காத்துப் போகும். கீரிமலைப் பாய்ச்சல் பாய்ஞ்சிருந்தால் வாவி போகும். அதுக்குப் பிறகு ஓடிவந்த நாய்மாதிரி இளைப்பாய். அந்த நேரம் நீந்தாதை, கத்தாதை. மிதந்துகொண்டு கிட, மூச்சு பிடிபடுமட்டும். மிதவைச் சட்டை போட்டிருந்தால் மிதக்கிற வேலையை அது பாக்கும். ஓமோம், அது போட்டால் படத்தில வடிவில்லைத்தான்.

எங்கட ரத்தம் கடல் ரத்தம் எண்டு மட்டும் தொடங்காதை. 1954இல தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்குநீரிணையை 27 மணித்தியாலத்தில நீந்தினவர். அதே வருசம் புரட்டாதியில மரிலின் பெல் எண்ட 16 வயசுப் பிள்ளை, அமெரிக்கக் கரையில யங்ஸ்ரவுணில இரவு இறங்கி, இந்த வாவியை 21 மணித்தியாலமளவில நீந்தி ரொறன்ரோவில ஏறினவ. பக்கத்தில படகு, படகில பயிற்சியாளர். மே மாசத்தில இறங்கேல்லை, கவனிச்சியோ? வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல தலைமன்னாரிலயிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பினவர், 51 மணித்தியாலம். அந்த மனிசன் 1984 ஆவணியில ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கயே உயிரை விட்டார். பாக்குநீரிணைத் தண்ணி 27, 28 பாகை. கால்வாய் ஆவணியிலயும் 17, 18தான். இதில எனக்குப் பகிடி வரேல்லை.

உனக்குத் தண்ணியில கிடக்கத்தான் வேணுமெண்டால் ஆடி கடைசியில வசாகா பீச்சுக்குப் போவம். ஹூரன் வாவியின்ர ஜோர்ஜியன் குடா, 14 கிலோமீற்றர் மணல், கனதூரம் நடந்தாலும் ஆழமில்லை. அதால கெதியாச் சூடேறும். அங்க போயும் காத்தடிச்ச அன்னத்தில ஏறிப் படுத்து நித்திரை கொள்ளாதை. தரையிலயிருந்து வெளிய வீசுற காத்தெண்டால் கரையோரம் அலையே இருக்காது. அதைப் பாத்துத்தான் சனம் ஏமாறுது. கண் முழிக்கேக்கை கரை சின்னனாத் தெரியும். பியர் குடிச்சுச் சூடேத்திறன் எண்டு உன்ர கூட்டாளி சொல்லுவான். தோல் சுடும், உள்ளுடம்புச் சூடு வெளிய போகும். அவனைக் கோழி வாட்டுற அடுப்புக்குப் பக்கத்திலயே இருத்தி வை.

வாவியில அரசாங்கம் மிதவை போட்டுத் தண்ணிச் சூட்டை அளக்குது. கிரிக்கெட் ஸ்கோர் பாக்கிற அதே போனில பாக்கலாம். ஆனால் மிதவை கிடக்கிறது வெளியில. கரை எப்பிடியெண்டு உன்ர கால்தான் சொல்லவேணும். மழை பெய்தால் ஒண்டு ரெண்டு நாள் பொறு, நகரத்து ஊத்தையெல்லாம் அங்கதான் ஓடுது. முதல்ல முழங்காலளவில பத்து நிமிசம் நிண்டு காட்டு. விரலை மடக்கி நீட்ட ஏலுமெண்டால் இடுப்புமட்டும் போகலாமோ எண்டு கதைப்பம்.

வேற ஒண்டும் இருக்கு. உன்ர கொம்மா நேற்று இரவு போன் எடுத்தவ. "பெடியன் அங்க தண்ணிப் பக்கம் போறவனோ அண்ணை?" எண்டு கேட்டா. தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிறதோட சரி எண்டு சொல்லி வச்சிருக்கிறன். இந்த வயசில என்னைப் பொய்யனாக்கிப் போடாதை.