புதரும் தோட்டாவும்

முயல் வேட்டைக்கு உடன் வரும் நண்பர், புதர் அசைந்தாலே சுட்டுவிடுகிறார். அவரை எப்படித் திருத்துவது? (ஒரு வாசகர், கீரனூர்)

ஓசையை மட்டுமே நம்பி அம்பெய்த தசரதச் சக்கரவர்த்திக்கே, யானை என்று எண்ணிய இடத்தில், நீர் முகக்க வந்த முனிகுமாரன் அல்லவா வீழ்ந்து கிடந்தான்; உங்கள் நண்பர் அவரினும் தேர்ந்த வில்லாளியோ?

2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிப் பயிற்சி நடந்தபோது, எட்டத்து வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, 2022 ஜனவரி 3 அன்று அவன் பிராணனைக் கொண்டுபோன தோட்டாவை நினைத்தால், இலக்கிற்கு அப்பால் இருப்பது யாதென அறியாமல் விசையைத் தொடுவது மகாபாதகம் என்பது விளங்கும். முயல் வேட்டையோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே இருவரும் வீட்டிலேயே தங்குங்கள்: முயலும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள், நண்பரும் பெரும்பிழை செய்யாமல் தப்புவார்.