செருப்புக்காகக் காலை வெட்டுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பினாங்கின் பாகான் டாலாமில் கிரைண்டர் சத்தம் கேட்டால் யார் வீடு என்று விசாரிக்க வேண்டியதில்லை. சத்தம் வரும் பக்கம் நடந்தால் போதும். ஒரு வாசலில் பழைய ஹைலக்ஸ் ஒன்று, விளக்குக் கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் கைலியும் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடியுமாக அதன் சொந்தக்காரர். அவர்தான் நம் ஃபோர்-பை-ஃபோர் அண்ணன். தாமானுக்கு ஒருவராவது இருப்பார். திங்கள் முதல் சனிவரை கொள்கலன் துறைமுகத்திலோ மாக் மண்டின் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிற சாதுவான மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுவைச் சிகிச்சை நிபுணர்.

நோய் டயரில்தான் ஆரம்பிக்கும். வண்டியோடு வந்தது 29 அங்குல டயர். யாரோ கழற்றிப் போட்ட 33 அங்குல மட் டயர் நான்கு மலிவாகக் கிடைத்துவிட்டன. "விட மனசு வரல தம்பி" என்பார், தெருவில் நின்ற நாய்க்குட்டியைத் தூக்கி வந்தவர் போல. மாட்டியாயிற்று. நேர்ரோட்டில் ஒரு குறையும் இல்லை. முச்சந்தியில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தபோதுதான் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். டயர் முன்னால் பம்பர் மூலையைக் கடிக்கிறது, பின்னால் மட்காட் விளிம்பைச் சுரண்டுகிறது. டயரைக் கொடுத்துவிட்டு அளவானதை வாங்கலாமே என்பது நம்மைப் போன்ற அற்பர்களின் யோசனை. செருப்புக்காக யாராவது காலை வெட்டுவார்களா என்று ஊரில் கேட்பார்கள். அண்ணன் வெட்டுவார்.

ஆனால் அவர் ஆரம்பிக்கும் அழகில் குறை சொல்ல முடியாது. ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தை மட்டும் மேலே தள்ளுகிறார். மேட்டில் ஏறும்போது சக்கரம் எவ்வளவு உயரம் வரும் என்று பார்க்க வேண்டுமாம். ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, இடிக்கிற இடத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் மார்க்கரால் கோடு போடுகிறார். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது கணக்கு. பேட்டரி வயரைக் கழற்றி, பிரேக் ஹோஸை ஈரச் சாக்கால் மூடுகிறார். மட்காட்டுக்குப் பின்னால், இரண்டு தகடுகளைச் சேர்த்துப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்த மடிப்பு ஒன்று இருக்கும். அங்கே கிரைண்டர் போகாது, சுத்தியல்தான். அதை வெட்டினால் தகடுகள் புத்தகம் மாதிரி விரிந்து, சேறும் தண்ணீரும் உள்ளே குடியேறிவிடும். இவ்வளவும் தெரிந்த மனிதர்தான்.

ஒரு மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க் சுழல்கிறது. தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி பறக்கிறது.

"ஏங்க, கொடியில துணி காயுது!"

"காத்து அந்தப் பக்கம் அடிக்குதும்மா."

காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

பொறியைக் கண்டதும் ஆள் சேரும். பசியாறக் கிளம்பியவர் நிற்பார், பேப்பர் வாங்க வந்தவர் நிற்பார். கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நாற்காலியோடு வருவார்.

"தம்பி, வலது பக்கம் அரை இஞ்சு கூட இருக்கு லா."

வலது பக்கம் அரை இஞ்சு எடுக்கப்படுகிறது.

"இப்ப இடது பக்கம் கூடத் தெரியுதே."

பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். குரங்குக்காவது வயிறு நிறைந்தது. பத்தரை மணிக்கு மட்காட் பிறைச்சந்திரனாக மெலிந்திருக்கிறது. இரண்டு விரல் நுழைய வேண்டிய இடத்தில் இப்போது பெரியவரின் தலை நுழைகிறது. நுழைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்: "இது போதும்."

எந்தக் காட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1997-இலிருந்து நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சைப் பற்றி, வேண்டுமென்றே மழைக்காலத்தில் சேற்றில் வண்டி இறக்குகிறவர்களைப் பற்றி, ஒரு மணி நேரம் பேசுவார். கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும் கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை இருக்கிறதே என்றால் பெருமூச்சு விடுவார். அனுமதிச் சீட்டு இல்லாத வண்டியை அங்கே விடமாட்டார்கள். ஆகவே ஹைலக்ஸ் போவது பசாருக்கும் தமிழ்ப்பள்ளிக்கும்தான். மைத்துனர் வந்தால் பினாங் சென்ட்ரல் வரைக்கும் போகும். அந்த வழியில் இருக்கிற ஒரே மேடு வேகத்தடை.

எப்போதாவது பினாங்குப் பாலம் ஏறுவதும் உண்டு. மீட்டரில் 80 காட்ட, நிம்மதியாக ஓட்டிப்போகிறார். வண்டி ஓடுவதோ 91-இல். டயர் 33-க்கு வளர்ந்தது மீட்டருக்குத் தெரியாது, அது இன்னும் பழைய செருப்பிலேயே நடக்கிறது. டயர் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மன் வேறு. அதற்காக, வெட்டிய விளிம்பின்மேல் அகலமான ரப்பர் பட்டை வாங்கி ஒட்டுகிறார். முதலில் இருந்ததை வெட்ட ஒரு செலவு, வெட்டியதை மூட ஒரு செலவு.

வெட்டி விழுந்த தகரத் துண்டுகளைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கி, கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி நட்டுவைத்தார். கோழி கிளறாமல் இருக்குமாம். மூன்றாம் வாரம் பார்த்தேன், துண்டுகளின் ஓரமெல்லாம் செம்பழுப்பு. எழுந்து போய் ஹைலக்ஸின் ரப்பர் பட்டையை விலக்கிப் பார்த்தேன். அங்கேயும் அதே நிறம். "பெயிண்டு அடுத்த ஞாயிறு" என்றார் அண்ணன்.

வெட்ட வேண்டாம் என்று சொன்னால் கேட்கப்போவதில்லை. வெட்டுங்கள். ஆனால் விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அன்றைக்கே பூசிவிடுங்கள். பாகான் டாலாமில் கடல் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான்.