பவர் பத்திரமும் அப்பாவின் கணக்கும்

1986இல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய பவர் பத்திரம் ஒரே ஒரு தாள்தான். மாயவரத்துக்குப் பக்கத்தில் அவர் பங்குக்கு இருந்த மூன்று மா நஞ்சையை விற்றுத்தர அப்பாவுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார். கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் நம் தூதரகத்தில், அதிகாரியின் முன்னால் போட்ட கையெழுத்து. பக்கத்தில் அசோகச் சின்னம் பதித்த முத்திரை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு வெளிநாட்டில் வசிப்பவரிடம் கேட்பது அவ்வளவுதான்: நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி, இவர்களில் ஒருவர் முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தாள் வந்த வாரமே அப்பா கட்டிவிட்டார்.

வாங்கியவர் அடுத்த வயல்காரர். எங்கள் நிலத்தின் வரப்பு எது, வாய்க்கால் எது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வில்லங்கச் சான்று கையால் எழுதி வந்தது. பத்திர எழுத்தர் திண்ணையில் உட்கார்ந்து கிரயப் பத்திரத்தை எழுதினார். சார்பதிவாளர் பவரை ஒருமுறை படித்துப் பார்த்து, அப்பாவின் பெயரைக் கேட்டு, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். சித்தப்பா உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

பணம் மட்டும் சிங்கப்பூர் போக முடியவில்லை. அப்போது அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டின் ஃபெரா சட்டம் நடப்பில் இருந்தது. ஊரில் விற்ற சொத்தின் பணம் ஊர் வங்கியில், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்கில், சித்தப்பா பெயரிலேயே கிடக்க வேண்டும். அவர் சொன்னபடி பாட்டியின் வைத்தியத்துக்கும் அத்தை மகள் கல்யாணத்துக்கும் அப்பா அதிலிருந்து எடுத்துச் செலவு செய்தார். ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். பத்திர எழுத்தருக்குக் கொடுத்தது, பஸ் சார்ஜ், சாட்சிக்கு வந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டிபன் எல்லாம் அதில் இருந்தன. முழுக் கணக்கையும் பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் சிங்கப்பூருக்கு அனுப்பினார். சித்தப்பாவுக்கு வருத்தம். “அண்ணன் எனக்குக் கணக்குக் காட்டுவதா?” என்று எழுதினார். “நிலம் உன்னுடையது. நீ கேட்காவிட்டாலும் நான் காட்டத்தான் வேண்டும்” என்று அப்பா பதில் போட்டார். அதிகாரம் கொடுத்தவர் கேட்டால் முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆவது பிரிவு. அப்பா அந்தச் சட்டத்தைப் படித்தவர் இல்லை.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. எங்கள் தெருவிலேயே, மலேசியாவில் இருந்த ஒரு பெரியவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவுக்காரருக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்தார். வாடகை வசூலிக்க, வரி கட்ட, வழக்கு நடத்த, விற்க, அடமானம் வைக்க என்று எல்லாம் அந்த ஒரே பத்திரத்தில் அடக்கம். வயதான காலத்தில் அவர் ஊருக்கு வந்தபோது வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. உறவுக்காரர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் சட்டப்படி செல்லும். பணம் அவர் கைக்கு வரவில்லை. உறவுக்காரர் மேல் வழக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

இன்று சார்பதிவாளர் அலுவலகங்களில் கேட்கும் காகிதங்களைப் பார்த்துப் பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சலிப்பு வருவதில்லை. அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இழந்த பிறகு வந்த காகிதங்கள் இவை.

2024இல் சித்தப்பா மகள் எனக்குப் பவர் கொடுத்தாள். நியூஜெர்சியில் இருக்கிறாள், அமெரிக்கக் குடியுரிமை. சித்தப்பா உயில் எழுதி அவளுக்கு வைத்துப்போன மாயவரம் வீட்டை விற்க வேண்டும். பொது அதிகாரம் வேண்டாம், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனி அதிகாரம் போதும் என்று நான்தான் சொன்னேன். சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை எல்லாம் எழுதினோம். விலைப்பணம் முழுவதும் அவளுடைய என்.ஆர்.ஓ. கணக்கில் மட்டுமே சேர வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தோம். நோட்டரி முன் கையெழுத்திட்டு, அதை உறுதிசெய்யும் அந்த மாநில அரசின் அப்போஸ்டில் சான்றும் வாங்கி அனுப்பினாள். இந்தியா 2005இல் அப்போஸ்டில் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்ததால் கிடைத்த வசதி அது.

பதிவு நாளில் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கும் சான்று கேட்டார்கள். போனில் சொன்னதும் பதறிவிட்டாள். காரணத்தைச் சொன்னேன். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பவரும் அவரோடு முடிந்துவிடும், ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இறந்தவர் கொடுத்த பவரை வைத்து வாரிசுகளுக்குத் தெரியாமல் விற்றவர்கள் உண்டு. மறுநாளே டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கி அனுப்பினாள்.

வீட்டை வாங்கியவர் ஓர் ஆசிரியர். விற்பவர் உள்நாட்டுக்காரராக இருந்தால், 50 லட்சத்துக்குக் குறையாத விலைக்கு 1 சதவீதம் வரி பிடித்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் விற்றால், 2024இல் நடப்பில் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 195ஆவது பிரிவு வந்தது, அதற்குத் தொகை வரம்பு கிடையாது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ், சர்சார்ஜ். முன்கூட்டியே வருமான வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்காவிட்டால், லாபத்துக்கு அல்லாமல் மொத்த விலைக்கே பிடிக்க வேண்டிவரும். அந்த ஆசிரியர் இதற்காகவே, வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கினார். சான்று வரக் காத்திருந்தோம், வந்த பிறகுதான் பத்திரம் பதிந்தோம். இந்தச் சான்று வாங்கும் வேலையை முதலில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அன்று சித்தப்பாவுக்குக் கிடைக்காதது அவர் மகளுக்குக் கிடைத்தது. 2000 ஜூனில் ஃபெராவுக்குப் பதிலாக ஃபெமா சட்டம் நடப்புக்கு வந்தது. இப்போது வரி கட்டியதற்கான படிவங்களைக் கொடுத்தால் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

பவரை மட்டும் எழுதிக் கொடுத்துச் சொத்தையே விற்றதாகச் சொல்லும் பழக்கத்தை 2011 அக்டோபர் 11ஆம் தேதி ‘சூரஜ் லாம்ப்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்றது. அதே தீர்ப்பு, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார், உறவினர் ஆகியோருக்கு உண்மையாகக் கொடுக்கும் அதிகாரத்தில் தவறில்லை என்றும் சொன்னது. உறவுக்குள் நம்பிக்கைக்குச் சட்டம் இன்னும் இடம் வைத்திருக்கிறது.

ஆனால் முத்திரையையும் ரேகையையும் உயிரையும் சரிபார்க்கும் அலுவலகங்களில், பணம் உரியவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு மேசை கிடையாது. அந்த வேலை பவர் வாங்கியவருடையது. நான் வரவு செலவை எழுதி, ரசீதுகளோடு அனுப்பியபோது தங்கை, “கணக்கெல்லாம் எதுக்கு அண்ணா, நீங்க சொன்னா போதாதா?” என்றாள். அவளுடைய நம்பிக்கை பெரியது. அதனால்தான் ஒரு ரசீதைக்கூட விடவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களே, யாருக்குப் பவர் கொடுத்தாலும் ஒரு சொத்துக்கு ஒரு தனி அதிகாரம் கொடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும், வேலை முடிந்ததும் பவரை ரத்து செய்யுங்கள். ஊரில் இருந்து விற்றுக் கொடுப்பவர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் கணக்கை அனுப்பிவிடுங்கள்.