கான்ஃபிக் ஃபைல்: கேளுங்கள், சொல்கிறோம்

கே: கான்ஃபிக் ஃபைல் என்று தனியாக எதற்கு? எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன?

ப: உங்கள் மடிக்கணினியில் டேட்டாபேஸ் முகவரி ஒன்று, சோதனை சர்வரில் இன்னொன்று, மக்கள் பயன்படுத்தும் சர்வரில் வேறொன்று. நிரல் மட்டும் ஒன்றே. இடத்துக்கு இடம் மாறுவதை வெளியே வைத்தால்தான் நிரலைத் தொடாமல் வேலை நடக்கும். 2011-இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் எழுதிய 'ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்' என்ற நெறிமுறை இதற்கு நல்ல பரீட்சை ஒன்றைத் தருகிறது: உங்கள் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஊரறிய வெளியிட்டால் ஏதாவது ரகசியம் கசியுமா? கசியும் என்றால், வெளியே போக வேண்டியது இன்னும் உள்ளே இருக்கிறது.

கே: ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படிக்கப் பத்து வரி நிரல் போதுமே. அதற்கொரு லைப்ரரியா?

ப: படிக்கப் போதும். மதிப்புக்குள்ளேயே சமக்குறி வந்தால்? ஒரு மதிப்பு நாலு வரிக்கு நீண்டால்? பாதி செட்டிங் ஃபைலிலும் பாதி கட்டளை வரியிலும் வந்தால்? பத்து வரி நூறாகும். படிப்பது, விட்டுப்போனதற்கு டீஃபால்ட் தருவது, பல இடத்து மதிப்புகளைச் சேர்ப்பது, வகை சரிபார்ப்பது என்று இதில் நான்கு வேலைகள் இருக்கின்றன. நல்ல லைப்ரரி நான்கையும் செய்யும். பைத்தானுடனேயே வரும் கான்ஃபிக்பார்சர் முதல் இரண்டையும் நன்றாகச் செய்யும். மற்ற இரண்டில் உங்கள் கவனமும் வேண்டும்.

கே: கான்ஃபிக்பார்சர் ஃபைலில் 'டீபக் = ஃபால்ஸ்' என்று எழுதியும் டீபக் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

ப: கான்ஃபிக்பார்சர் எதைப் படித்தாலும் ஸ்ட்ரிங்காகவே தரும். பைத்தானில் காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் உண்மைதான், அதற்குள் 'ஃபால்ஸ்' என்றே எழுதியிருந்தாலும்! கெட்பூலியன் என்ற முறையால் கேளுங்கள். யெஸ்-நோ, ஆன்-ஆஃப், ட்ரூ-ஃபால்ஸ், 1-0 எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொள்ளும். எண்களுக்கு கெட்இன்ட், கெட்ஃப்ளோட்.

கே: ஃபைலின் பெயரைத் தப்பாகக் கொடுத்தேன். எரரே வரவில்லை!

ப: வராது. கான்ஃபிக்பார்சரின் ரீட் என்ற முறை, இல்லாத ஃபைலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கணினிக்குப் பொதுவான ஃபைல், பயனரின் சொந்த ஃபைல் என்று நாலைந்து இடங்களைக் கொடுத்து, இருப்பதை மட்டும் படிக்கவைக்க அந்த வசதி. எவற்றையெல்லாம் படித்தது என்ற பட்டியலையும் அது திருப்பித் தருகிறது, அதைப் பாருங்கள். கட்டாயம் இருந்தே தீர வேண்டிய ஃபைல் என்றால் நீங்களே திறந்து ரீட்ஃபைல் முறையிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே எரர் வரும்.

கே: பாஸ்வேர்டில் சதவீதக் குறி இருந்தால் கான்ஃபிக்பார்சர் கோபிக்கிறதே?

ப: ஒரு செட்டிங்கின் மதிப்பை இன்னொன்றுக்குள் புகுத்த அது சதவீதக் குறியைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் பாஸ்வேர்டிலும் அப்படி ஏதோ இருப்பதாக நினைத்துத் தேடுகிறது. குறியை இரண்டு முறை எழுதுங்கள், அல்லது இன்டர்போலேஷனுக்கு 'நன்' கொடுத்து அந்த வசதியையே அணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பாஸ்வேர்டு அந்த ஃபைலிலேயே இல்லாமல் இருப்பது.

கே: ஜேசன், யாமல், டாம்ல். மூன்றில் எது?

ப: எழுதுவது யார் என்பதைப் பொறுத்தது.

இயந்திரம் எழுதி இயந்திரம் படித்தால் ஜேசன். ஆனால் ஜேசனில் குறிப்பு எழுத இடமில்லை. ஆரம்பத்தில் இருந்தது. சிலர் குறிப்புகளுக்குள் பார்சருக்கான கட்டளைகளை ஒளித்துவைக்கத் தொடங்கியதால், ஜேசனை வடிவமைத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் அதை எடுத்துவிட்டார். 'இந்த டைம்அவுட் ஏன் 30 நொடி' என்று ஒரு வரி எழுத முடியாத ஃபைல், அடுத்து வருபவருக்குப் புதிர்தான்.

யாமல் பார்க்க அழகு, ஆனால் ஊகம் அதிகம். நாட்டுக் குறியீடுகளை வரிசையாக எழுதி நார்வேக்கு 'என்ஓ' போட்டால், யாமல் 1.1 அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும், நார்வே காணாமல் போகும். வெர்ஷன் 1.10 என்று எழுதினால் தசம எண்ணாக்கி 1.1 ஆக்கிவிடும். 2009-இல் வந்த யாமல் 1.2 முதல் சிக்கலைத் திருத்தியது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் பையாமல் இன்னும் 1.1-இன் விதிப்படியே நடக்கிறது. குபர்நெட்டிஸ் போன்ற கருவிகளில் யாமலைத் தவிர்க்க முடியாது. அங்கே சந்தேகமான மதிப்புகளுக்கு மேற்கோள் குறி போடுங்கள், பைத்தானில் சேஃப்லோட் முறையால் மட்டும் படியுங்கள்.

மனிதர் கையால் எழுதும் ஃபைலுக்கு என் ஓட்டு டாம்லுக்கு. கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013-இல் உருவாக்கியது. 1.0 பதிப்பு 2021-இல் வந்தது. குறிப்பு எழுதலாம், எண், ஸ்ட்ரிங், தேதி எல்லாம் தெளிவாகப் பிரியும். 2022-இல் வெளிவந்த பைத்தான் 3.11 முதல் டாம்லிப் கூடவே வருகிறது. அது படிக்க மட்டுமே தெரிந்தது. குறிப்புகள் அழியாமல் திருத்தி எழுத டாம்ல்கிட் வேண்டும்.

கே: கோ மொழியில் வைப்பர் லைப்ரரி. ஃபைலில் போர்ட் 8080, என்விரான்மென்ட் வேரியபிளில் 9000, கட்டளை வரியில் 7000. எது ஜெயிக்கும்?

ப: 7000. நிரலே நேரடியாக 'செட்' செய்த மதிப்புக்கு முதலிடம். பிறகு கட்டளை வரி, என்விரான்மென்ட், ஃபைல், வெளி சேமிப்பகம், கடைசியில் டீஃபால்ட். ஓடவைப்பவரின் கைக்கு எது அருகிலோ அதற்கே அதிகாரம். இந்த வரிசையை உங்கள் நிரலின் ரீட்மீயில் எழுதிவையுங்கள். நள்ளிரவில் சர்வர் மக்கர் செய்யும்போது தேடுவது அதைத்தான்.

கே: பாஸ்வேர்டுள்ள ஃபைலை கிட்டில் கமிட் செய்து, உடனே அழித்துவிட்டேன். பிழைத்தேனா?

ப: இல்லை. அழித்தது இன்றைய பிரதியில்தான், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அடுத்தது. இனிமேல் ரகசியங்கள் டாட்-என்வ் ஃபைலில் இருக்கட்டும், அந்த ஃபைலின் பெயர் கிட்இக்னோரில் இருக்கட்டும். மதிப்புகள் இல்லாத மாதிரி ஃபைல் ஒன்றை மட்டும் கமிட் செய்யுங்கள். குழு பெரிதானால் வால்ட் போன்ற ரகசியப் பெட்டகத்துக்கு மாறுங்கள்.

கே: எல்லா செட்டிங்குக்கும் டீஃபால்ட் கொடுப்பது நல்ல பழக்கம்தானே?

ப: டைம்அவுட்டுக்குக் கொடுங்கள், டேட்டாபேஸ் முகவரிக்குக் கொடுக்காதீர்கள். முகவரி இல்லையென்றால் நிரல் தொடங்கவே கூடாது. பந்தியில் ஆட்களை உட்காரவைத்த பிறகு இலை இல்லை என்று கைபிசைவது யாருக்கும் நல்லதல்ல. பைத்தானில் பைடான்டிக்-செட்டிங்ஸ் இதற்கென்றே இருக்கிறது. என்னென்ன வேண்டும், எந்த வகை என்று ஒரு கிளாஸில் எழுதிவிட்டால், தொடங்கும்போதே சரிபார்த்து எது குறை என்று பெயர் சொல்லி நிற்கும். ரகசியங்களுக்கென்று பைடான்டிக்கில் 'சீக்ரெட்எஸ்டிஆர்' என்று ஒரு வகை உண்டு. பாஸ்வேர்டுகளுக்கு அதைக் கொடுத்தால் லாகில் நட்சத்திரக் குறிகள் மட்டுமே தெரியும்.

கே: எல்லாவற்றையும் செட்டிங்காக வைத்துவிட்டால் பயனர் மகிழ்வார் அல்லவா?

ப: ஆன்-ஆஃப் செட்டிங் பத்து இருந்தால் 1,024 விதமாக உங்கள் நிரல் ஓடலாம். அத்தனையையும் சோதித்தீர்களா? யாரும் மாற்றாத செட்டிங்கை எடுத்துவிடுங்கள்.

கே: நிரலைத் தொடவில்லை, கான்ஃபிக் மட்டும்தான் மாற்றினோம். அதற்கும் சோதனையா?

ப: அதற்குத்தான் முதலில். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியது புதிய நிரல் அல்ல, 'சேனல் ஃபைல் 291' என்ற கான்ஃபிக் ஃபைல்தான். உள்ளே இருந்த நிரல் தந்தது 20 உள்ளீடுகள். வந்த ஃபைல் 21-வதைப் பார்க்கச் சொன்னது. அனுப்பும் முன் சோதித்த கருவியும் அதைப் பிடிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. உலகெங்கும் விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் சிலவற்றுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் சேதம் அங்கேயே நின்றிருக்கும்.

கே: புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு ஒரே ஒரு அறிவுரை?

ப: நிரலுக்குத் தரும் மரியாதையை கான்ஃபிக் ஃபைலுக்கும் தாருங்கள். கிட்டில் அதற்கும் வரலாறு இருக்கட்டும், இன்னொருவர் பார்வையும் சோதனையும் அதற்கும் நடக்கட்டும், ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஏன் என்று ஒரு வரி குறிப்பு இருக்கட்டும். இன்று மாலையே உங்கள் நிரலின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு மதிப்பை வேண்டுமென்றே தப்பாக எழுதி ஓடவிட்டுப் பாருங்கள். தெளிவான எரரோடு அது உடனே நின்றால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். ஒன்றும் நடக்காதது போல ஓடினால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.