கரையோர மாலுமி

பிரித்துப் பையில் அடைத்து வைக்கிற குடும்பக் கயாக்கை ஒருவர் வாங்கினால், ஏரியில் போய்வரத்தான் வாங்குகிறார் என்று ஊர் நம்புகிறது. அவர் மனைவியும் முதலில் அப்படித்தான் நம்புகிறார். என் கட்சி வேறு. அவர் வாங்குவது பூட்டுவதற்காக. தண்ணீர் ஒரு சாக்கு. இந்த மனிதரின் பூர்வீகம் தெற்கு ஜெர்மனி. இவரைக் குறைவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் கோடைக்காலத்துச் சனிக்கிழமை காலையில் பவேரியாவின் கீம்சே ஏரிக்கரைக்குப் போக வேண்டும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் முப்பது கிலோவுக்கு மேல் எடையும் உள்ள படகு இரண்டு மூன்று பைகளிலிருந்து துண்டு துண்டாக வெளியே வரும். மரக்கழிகளை அளவு வாரியாகப் புல்லில் அடுக்குவார். கையேடு பையிலேயே இருக்கும். அதை எடுப்பது கௌரவக் குறைச்சல். கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே பாதிப் படகைப் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். முழுப் படகைப் பூட்டாததற்குக் காரணம் கூடத்தின் நீளம் மட்டுமே. பிள்ளைகள் காரை விட்டு இறங்கும்போதே லைஃப் ஜாக்கெட் மாட்டப்பட்டு, அது முதல் வெயிலில் வெந்துகொண்டிருப்பார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அடுக்குமாடி வீட்டில் ஐந்து மீட்டர்ப் படகை எங்கே வைப்பது? மடிக்கிற படகு வசதிக்காக வந்ததுதானே? வந்த கதை அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். 1905-இல் ஆல்ஃப்ரெட் ஹொய்ரிஷ் என்ற கட்டடக்கலை மாணவர் மூங்கில் கழிகளைக் கோத்து, மேலே பாய்த்துணியைப் போர்த்தி ஒரு படகு செய்து, பாட் டோல்ஸ் ஊரிலிருந்து இசார் ஆற்றோடு மியூனிக் வந்து சேர்ந்தார். 1907-இல் ரோஸன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அந்த வடிவத்தின் உரிமையை வாங்கினார். படகுக்குச் சட்டை தைப்பது தையற்காரர் கைக்கு வந்தது பொருத்தம்தான். கார் இல்லாத குமாஸ்தாவும் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் படகைப் பையாகத் தூக்கிக்கொண்டு மலையோரம் இறங்கி, ஆற்றோடு ஊர் திரும்பினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடிப்புக் கயாக்குக்கென்றே பத்தாயிரம் மீட்டர்ப் போட்டி நடத்தும் அளவுக்கு அது பரவியிருந்தது. அந்தக் குமாஸ்தாவிடம் எனக்கு வழக்கே இல்லை. நம் கதாநாயகர் ரயிலில் வரவில்லை. கூரைமேல் முழுப் படகையே ஏற்றிவரக்கூடிய பெரிய காரில், கூரையைக் காலியாக விட்டு, பின்பக்கம் பைகளைத் திணித்து வருகிறார். வசதிதான் காரணமென்றால், பல ஆயிரம் யூரோ கொட்டி இதை வாங்காமல், அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும் காற்றடைத்த படகை வாங்கியிருக்கலாமே! அதைச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். "அதுவா? அது பொம்மை" என்பார். காற்றடைத்த படகின் உண்மையான குற்றம், அதில் பூட்ட எதுவும் இல்லை என்பது.

பூட்டுகிற நேரத்தில் அவரைக் கவனித்தால் மீதிச் சந்தேகமும் தீர்ந்துவிடும். முன்பாதிக் கூட்டையும் பின்பாதிக் கூட்டையும் தனித்தனியே பூட்டி, இரண்டையும் உறைக்குள் செருகி, நடுவில் இணைத்து அழுத்துகிற கணம் ஒன்று இருக்கிறது. வளைந்து நிற்கும் கூடு 'டக்' என்று நேராகி, தொளதொளவென்று கிடந்த உறை விறைத்துக்கொள்ளும். அவர் செலவழித்த யூரோ எல்லாம் அந்த ஒரு சத்தத்துக்குத்தான். பிறகு எண் போட்ட குறுக்குச் சட்டங்கள், இருக்கைகள், சுக்கான் என்று வரிசையாக ஏறும். கடைசியில் இரு விளிம்பிலும் ஓடும் காற்றுக்குழாய்களை ஊதி நிரப்பும்போது உறையில் எஞ்சிய சுருக்கமும் போய்விடும். தேர்ந்தவர் கால் மணி நேரத்தில் முடிப்பார் என்பது விற்பவர் கணக்கு. புதியவருக்கு ஒரு மணி தாண்டும். அதற்குள் கரையில் நாலு பேர் கூடி, ஒழுகாதா, எவ்வளவு விலை, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். மூன்றுக்கும் அவரிடம் நீண்ட பதில் தயார். கல்யாணத்தைவிடப் பந்தலில் அக்கறை காட்டும் மாமா ஒருவர் நம் வீடுகளில் இருப்பாரே, அவரேதான் இவர். தாலி கட்டும் நேரத்திலும் மூங்கில் முடிச்சைச் சோதித்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் அவர் ஹன்னெஸ் லிண்டமானை இழுப்பார். இழுக்காமல் எந்த மடிப்புப் படகுக்காரரும் ஓய்ந்ததில்லை. மருத்துவரான லிண்டமான் 1956-இல் இதே கிளெப்பர் இரட்டை இருக்கைப் படகில், ஆயத்த நிலையில் கடையில் கிடைக்கும் அந்தச் சாதாரண வகையில், தன்னந்தனியாக 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்தப் படகு இன்று மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஆஸ்கர் ஸ்பெக் 1932-இல் ஊல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கினார். சைப்ரஸ் வரை போவதாகத்தான் கிளம்பினார். இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் துடுப்பு போட்டு, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். உலகப்போர் தொடங்கிவிட்டிருந்ததால் எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். இவ்வளவு சாதித்த கலத்தைக் கரைச் சாமான் என்பது தகுமா என்று கேட்கலாம். தகும். லிண்டமான் ஒரு தடவை பூட்டினார். 72 நாள் பிரிக்கவில்லை. பிரிக்காமல் 72 நாள் என்பது நம்மவருக்குச் சிறைத்தண்டனை. கட்டுமரத்தையும்தான் கரைக்கு வந்ததும் அவிழ்க்கிறார்களே என்று நம் ஊர் வாசகர் குறுக்கிடக்கூடும். மரம் காய வேண்டும் என்பதற்காக அவிழ்க்கிறார்கள். மறுநாள் மீனுக்குப் போக வேண்டும் என்பதற்காகக் கட்டுகிறார்கள். கட்டி முடித்த கையோடு நாலு பேருக்கு விளக்கவுரை நிகழ்த்தும் மீனவரை யாரும் பார்த்திருக்க முடியாது.

சரி, படகு நீரில் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த நீரில்? கீம்சே சுமார் 80 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. மலைக்காற்று திடீரென்று இறங்கும். கரையில் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்குகள் உண்டு. நிமிடத்துக்கு 40 முறை சிமிட்டினால் பலத்த காற்று வரலாம், 90 முறை சிமிட்டினால் புயல். எனவே நாணல் சூழ்ந்த, அலையே இல்லாத ஒதுக்குப்புற வளைவைத் தேடுகிறார். பிள்ளைகளோடு வந்தவர் அப்படித் தேடுவதில் தவறே இல்லை. ஆனால் அந்த அமைதியான நீரிலும் அவர் முகத்தில் கவலை தீராது. மனைவி முன்னிருக்கையில், பிள்ளைகள் நடுவில், இவர் பின்னால் சுக்கான் மிதியோடு. "செருப்பில் மணல் இருக்கா?" என்பதுதான் முதல் கட்டளை. கூட்டுக்கும் உறைக்கும் நடுவே மணல் புகுந்தால் உறை தேயும், இது உண்மை. துணியாலான மேல்மூடி ஈரத்தோடு மடிக்கப்பட்டால் பூசணம் பிடிக்கும், இதுவும் உண்மை. ஆகவே நீரில் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் மாலையில் உலர்த்துவதில் அவர் கழிக்கப்போகும் நிமிடங்களாக அவர் மனக்கணக்கில் ஏறுகிறது. சின்னவள் கையை நீரில் அளைந்தால் அதட்டுகிறார். மணலுக்கும் தண்ணீருக்கும் அஞ்சுகிற படகுக்காரர் அரை மணியில் கரைக்குத் திரும்புவதில் அதிசயம் என்ன? இரட்டை இருக்கைக் கயாக்குக்கு விவாகரத்துப் படகு என்று துடுப்புக்காரர்களிடையே ஒரு பட்டப்பெயர் உண்டு. இருவர் துடுப்பும் ஒத்துப்போகாமல் சண்டை வருமாம். இந்தக் குடும்பத்தில் அந்த ஆபத்து குறைவு. சண்டை முற்றும் அளவுக்கு அவர்கள் தண்ணீரில் இருப்பதே இல்லை; அந்த அம்மாளும் முன்யோசனையோடு ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்திருக்கிறார்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், பெரிதாக ஒருவருக்கும் இல்லை. சத்தமில்லாத, புகையில்லாத பொழுதுபோக்கு. மனிதர் குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, கழிகளைத் துடைக்கிறார். என் புகார் ஒன்றே ஒன்று. அமைதியான நீர் எதற்குப் பயன்பட வேண்டுமோ அதற்கு அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. விளிம்புக் குழாய்கள் உள்ள, 80 சென்டிமீட்டரைத் தாண்டிய அகலமுள்ள இந்தப் படகு எளிதில் கவிழாது. தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும். ஆனால் கவிழ்ந்தால் நிமிர்த்தி மறுபடி ஏறுவது எப்படி என்பது பூட்டத் தெரிந்தவருக்குத் தானாக வந்துவிடாது. புதிதாக வாங்கியவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் நாளே, வெதுவெதுப்பான நீரில், இடுப்பளவு ஆழத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் கரையில் நின்று கைதட்ட, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துவிட்டு ஏறிப் பாருங்கள். முழுவதும் நனையும். காய இரண்டு நாள் ஆகும். ஆகட்டும்.