மனசுக்கும் ஒரு டோக்கன்

கால் சுளுக்கினால் லீவ் தருகிறார்கள். மனசு சுளுக்கினால்? (ஒரு டிரெய்னி, ஒரகடம்)

'எக்ஸ்ரே எங்கே?' என்பார்கள். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 21-வது பிரிவு: மன நோயாளியும் உடல் நோயாளியும் சமம். ஆம்புலன்ஸிலும் சமம், இன்சூரன்ஸிலும் சமம்.

ஈ.எஸ்.ஐ. கார்டு காய்ச்சல், தலைவலிக்குத்தானே? (கான்ட்ராக்ட் தொழிலாளி, சுங்குவார்சத்திரம்)

மாசாமாசம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அத்தனையும் குரோசினுக்கா? ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு மனச்சிதைவு நோயும் இருக்கிறது. 91 நாள் உதவித்தொகை தீர்ந்த பிறகும், சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும்.

ஒரு முள் உண்டு. நோய் வருவதற்கு முன் இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து திரும்பும் பிள்ளைக்கு அந்தத் 'தொடர்ந்து' எங்கே கிடைக்கும்? திருத்த வேண்டியது அந்த ஒரு சொல்.

ஹாஸ்டலில் படுத்தால் தூக்கமே வரவில்லை, சார். (அசெம்பிளி லைன் பெண், வல்லம் வடகால்)

வாரம் ஒரு ஷிஃப்ட் என்றால், தூக்கம் எந்த நேரத்துக்கு வந்து கதவைத் தட்டும்? உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சூரியனிடம் சாவி வாங்குவது, சூப்பர்வைசரிடம் அல்ல. உங்கள் ஊரில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்க 706 கோடி ரூபாயில் குடியிருப்பு திறந்தார்கள். நல்ல காரியம். கட்டில் வந்துவிட்டது, தூக்கம் பாக்கி. இரண்டு வாரம் இப்படியே போனால் டாக்டரைப் பாரம்மா, தள்ளிப்போடாதே.

பார்த்தால் 'மெண்டல்' என்பார்களே? (அவரது அறைத்தோழி)

பல் டாக்டரிடம் போனவரைப் 'பொக்கை' என்கிறோமா?

கம்பெனி முதலுதவிப் பெட்டியில் மனசுக்கு என்ன இருக்கிறது? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

150 தொழிலாளருக்கு ஒரு பெட்டி என்று 1948-லேயே சட்டம் எழுதினார்கள். பஞ்சு உண்டு, பிளாஸ்திரி உண்டு. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருகிறவருக்கு ஒன்றும் இல்லை. தீ விபத்துக்கு ஒத்திகை நடத்துகிற கம்பெனிகள், லைனுக்கு ஒருவருக்காவது காதுகொடுத்துக் கேட்கப் பயிற்சி தரட்டும்.

ஏர்வாடி ஞாபகம் இருக்கிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், படப்பை)

2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். சங்கிலியைச் சட்டம் போட்டுத் தடுக்க 2017 வரை ஆயிற்று. இந்தக் கேள்விக்கு என்னிடம் நகைச்சுவை இல்லை, ஐயா.

காசில்லை, லீவும் இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து யாரிடம் பேச? (பெயர் வேண்டாம், ஒரகடம்)

14416. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடு தம்பி. நம்பரை லாக்கர் கதவில் ஒட்டிவை, பக்கத்து லாக்கர்காரர் கண்ணிலும் படட்டும்.